காதில் செருகிய பென்சில்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாந்தா ரூஃபினா பேஸ்பால் அணி தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றிருந்தது. கடைசி இடத்தில் முடித்தால் லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். பத்து ஆட்டம் மீதி இருக்கும்போது, பாலாடைக்கட்டி ஆலை நடத்தும் எங்கள் தலைவி தோன்யா சொக்கோரோ பழைய மேனேஜரை அனுப்பிவிட்டு ஃபெர்மின் உபாவைக் கூட்டிவந்தார். உபாவ் பஸ் மெக்கானிக். ஒரு காலத்தில் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்ச்சர். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

வந்தவர் வீரர்களைக் கேட்கவில்லை. நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு வந்து, பதினாறு வருஷமாக நான் எழுதிவரும் ஸ்கோர் நோட்டுகளைக் கேட்டார். மூன்று நாள் கவுன்ட்டர் ஓரத்தில் உட்கார்ந்து படித்தார்.

"தோன் அன்செல்மோ, இங்க பாருங்க. இந்த வருஷம் நம்ம பசங்க பந்து வீசுறப்பவே ரெண்டாவது பேஸைத் திருட ஓடினது இருபத்திமூணு தடவை. அதுல பத்தொம்பது அவுட். பத்தொம்பதுலயும் எதிராளி பந்தை மட்டைக்கு எட்டாம விலக்கி வீசி, கேட்ச்சர் புடிச்ச கையோட ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்சிருக்கான். ஓடப் போறான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம சைகையைப் பாத்திருப்பான்."

"அதை மாத்தி எத்தனை வருஷமாச்சு?"

"ஒன்பது."

"நல்லா இருக்கு! ஒவ்வொருத்தனுக்கும் பக்கத்து ஊர்ல நாலு மச்சான் இருக்கான். ஞானஸ்நான விருந்துல ரெண்டு கிளாஸ் உள்ள போனா சைகையெல்லாம் வெளிய வந்துடும்."

அன்றே புது ஏற்பாடு செய்தார். மூன்றாவது பேஸ் அருகே நின்று தொப்பி, மூக்கு, பெல்ட் என்று எதையெதையோ தொடுவார். எல்லாம் சும்மா. முழங்காலைத் தட்டினால் மட்டும், ஸ்கோர் மேஜையில் இருக்கும் நான் பென்சிலைக் காதில் செருகவேண்டும். ஓடுபவன் என்னைத்தான் பார்ப்பான். பந்தெறிபவன் இரு கைகளையும் சேர்க்கும் அந்தக் கணத்தில் பென்சில் காதில் இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் இல்லை.

"ஸ்கோர் எழுதுறவரை எவன் பாக்கப் போறான்?" என்றார்.

ஒன்பது ஆட்டத்தில் ஆறு ஜெயித்தோம். கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் எல் காரிசாலோடு. ஜெயித்தால் தப்பிப்போம்.

அதற்கு முந்தைய ஞாயிறு என் மைத்துனன் அமாதோ வீட்டில் ஞானஸ்நானம். அவன் மகன்தான் எல் காரிசாலின் கேட்ச்சர். அமாதோ சபையில் வைத்துக் கிண்டல் செய்தான்.

"என்ன மாமா, உங்க மெக்கானிக் மந்திரம் கிந்திரம் போடுறாரா?"

எனக்கு அது மூன்றாவது ரம். "மந்திரமெல்லாம் இங்க இருக்குடா" என்று காதைத் தட்டிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். கேட்ச்சர் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு முறை உபாவிடம் சொல்லப் போய், மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். ஒருவேளை அந்தப் பையன் கவனித்திருக்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், எங்கள் மட்டை. மூன்றுக்கு மூன்று. இரண்டு பேர் அவுட், இன்னொருவன் அவுட்டானால் முடிந்தது. எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. இருட்டினால் டிரா என்று நடுவர் அறிவித்துவிட்டார். டிரா எங்களுக்குப் போதாது. முதல் பேஸில் யாதெர், எங்கள் வேகமான பையன். மட்டையோடு வில்மோர்.

உபாவ் முழங்காலைத் தட்டினார்.

பென்சிலைத் தூக்கும்போதுதான் பார்த்தேன். கேட்ச்சர் உபாவைப் பார்க்கவில்லை. முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பின்னால் வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கு விகோரோன் விற்கிற பெண் நின்றாள். அவளைப் பார்க்கிறானோ? உபாவ் எட்டாத தூரத்தில் நின்றார். கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது.

பென்சிலைச் செருகினேன். கேட்ச்சர் உடனே விரலைக் காட்டி, பந்தை விலக்கி வீசச் சொன்னான். பந்தெறிபவன் கைகளைச் சேர்ப்பதற்குள் பென்சிலை எடுத்துவிட்டேன். யாதெர் நகரவில்லை. பந்து மட்டைக்கு எட்டாத தூரத்தில் போனது. ஒரு பந்து வீண்.

உபாவ் என்னை முறைத்தார். முழங்காலை மறுபடி, ஓங்கித் தட்டினார். செருகினேன், எடுத்தேன். இரண்டாவது பந்தும் வீண்.

உபாவ் என்னைப் பார்த்தார். கேட்ச்சரைப் பார்த்தார். அப்புறம் முழங்காலைத் தொடவே இல்லை, கைகட்டி நின்றுகொண்டார். நானாகவே செருகினேன், எடுத்தேன். மூன்றாவதும் போனது.

"டேய், என்னடா கேட்டுத் தொலைக்கிற?" என்று பந்தெறிபவன் கேட்ச்சரைப் பார்த்துக் கத்தினான்.

நான்காவதும் விலகினால் வில்மோருக்கு முதல் பேஸ் இலவசம், யாதெர் தானாகவே இரண்டாவதுக்குப் போவான். இனி நடுவில்தான் போட்டாகவேண்டும். நான்காவது முறை பென்சிலைச் செருகினேன். எடுக்கவில்லை. அது கீழே விழுந்துவிடுமோ என்று இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

யாதெர் பாய்ந்தான். பந்து நடுவில் வந்தது. வில்மோர் அடித்த அடி வலது மூலை வேலி வரை உருண்டது. பந்து திரும்பி வருவதற்குள் யாதெர் மீதி மூன்று பேஸையும் சுற்றி வந்து புழுதியில் விழுந்து கிடந்தான். நான்குக்கு மூன்று.

தோன்யா சொக்கோரோ அழுதுகொண்டே எல்லோரையும் கட்டிப்பிடித்தார். நான் எழவில்லை. உபாவ் மேஜைக்கு வந்து நின்றார்.

"நான்தான் உளறிட்டேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை. அமாதோ வீட்ல."

"ஏதோ இருக்குன்னு தெரியும். திங்கக்கிழமைலேந்து என்கிட்ட மழையைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்க."

"முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்." என் காதிலிருந்து பென்சிலை உருவி நோட்டின் மேல் வைத்தார். "அடுத்த வருஷம் புது சைகை. அது என்னன்னு உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்."

ஏழு நாளுக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசித்தது.