ஒரே ஒரு போன்

கண்ணாடி நொறுங்கிய போனைக் கார்க் கதவின் கைப்பிடியில் வைத்து அழுத்தினாள். திறக்கவில்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"ஆம்புலன்ஸ் உள்ள வரணும்மா. வண்டியக் கொஞ்சம் எடுத்துடுங்க" என்று காவலாளி மூன்றாவது தடவையாகச் சொன்னார். குரலில் அதட்டல் இல்லை. யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரியும்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் நெஞ்சு வலி வந்து, தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்திருந்தார் அவள் கணவர். அவசரப் பிரிவு வாசலை அடைத்தாற்போல் நிறுத்தி இறங்கியவர் படியிலேயே விழுந்தார். போனும் அவரோடு விழுந்தது. பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்து அவளை உட்காரச் சொன்னார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காருக்குப் போன்தான் சாவி. மாற்றுச் சாவியான அட்டை காருக்குள்ளேயே கிடந்தது. வாங்கிய புதிதில், தன் போனிலும் சாவியை ஏற்றித் தரச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். இந்த வண்டி ஒரு போனைத்தான் ஏற்கும் என்று சொல்லிவிட்டார். முப்பது வருடம் பல் செட் செய்தவர். எது எதற்குப் பொருந்தும் என்று அவர் சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கொழுந்தன் அருகில் வந்து, பையனுக்குத் தகவல் சொல்லிவிட்டதாகவும் வந்துகொண்டிருப்பதாகவும் முணுமுணுத்தான்.

மகன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம். பிடிக்காத இடத்தில் பெண் கட்டிக்கொண்டான் என்று அவர் வாசலைக் காட்டிய அன்று, அவர் எதிரிலேயே மகனின் எண்ணை அழித்தாள். பிறகு அவன் வேறு வேறு எண்களிலிருந்து கூப்பிட்டான். குரல் கேட்டதும் துண்டித்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அவரை மீறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

டாக்சியிலிருந்து இறங்கிய மகன் மெலிந்திருந்தான். காவலாளி அவனிடமும் வண்டியைக் காட்டினார். அவன் தன் போனை எடுத்துக் கைப்பிடியில் வைத்தான். விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. பூட்டு விடுபட்டது.

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"உனக்கு எப்படிடா?"

"அப்பா ஏத்திக் குடுத்தார்மா. பாப்பாவுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போக."

"எந்தப் பாப்பா?"

அவன் அவளையே பார்த்தான். "உங்கிட்ட சொல்லிட்டதா அப்பா சொன்னாரே. நீதான் கோவம் தீராம இருக்கியாம். என் பேர எடுத்தாலே எழுந்து போயிடறியாம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி கழுவப் போகிறேன் என்று கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். உள்ளே, கட்டிலில், வெள்ளைத் துணி முகம் வரை இழுத்து மூடியிருந்தது. அவரிடம் எதையும் கேட்க முடியாது.

"நீ அத நம்பிட்டியா?"

"என் குரல் கேட்டாலே நீ போனை வெச்சிடுவியேம்மா."

பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மகன் கார்க் கதவைத் திறந்தான். அவன் உட்காரும் முன்பே, யாரும் தொடாமல், அவன் போனுக்கென்று பதிந்து வைத்திருந்த அளவுக்கு ஓட்டுநர் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்து, அப்பாவைவிட ஒரு சாண் உயரமான அவன் காலுக்கு இடம் விட்டு நின்றது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்லத் திரும்பின.