கிரகணத்தன்று எடுக்காத படம்

ஆல்புகெர்க்கி நகரில் அந்தக் காலத்து எங்கள் லேபில் காலையில் கேட்கும் முதல் சத்தம் வெர்லிண்டாவின் ஸ்டூல் இழுபடும் சத்தம்தான். உள்ளே சாப்பிடக் கூடாது என்பதால் நான் வராண்டாவிலேயே நின்று முட்டையும் பச்சை மிளகாயும் சுற்றிய பர்ரிட்டோ ரொட்டியை விழுங்கிக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் தன் செல்களுக்குத் தீனி மாற்றியே முடித்திருப்பாள். "இசௌரா, கையைக் கழுவிட்டு வாடி. அந்தக் காரத்தோட பிப்பெட்டைத் தொட்டு என் செல்லையெல்லாம் அழ வைக்காதே" என்பாள். எத்தனை வருஷமாச்சு! இப்போதும் மிளகாய் சுடும் வாசனை வந்தால் அந்த வராண்டா ஞாபகம் வந்து மனசு என்னவோ செய்கிறது.

நாங்கள் மூன்று பேர். நான் மோரா பள்ளத்தாக்கு, வீட்டில் ஸ்பானிஷ். கிளிஃப்டன் ஹாப்ஸ் ஊர்க் கறுப்பினப் பையன், வாயைத் திறந்தால் கிண்டல். வெர்லிண்டா எட்சிட்டி, ஷிப்ராக்கிலிருந்து வந்த நவஹோ பழங்குடிப் பெண். மருத்துவ ஆராய்ச்சியில் எங்களைப் போன்ற சிறுபான்மை ஜனங்களைக் கண்ணில் காண முடியவில்லை என்று அரசாங்கம் ஒரு பயிற்சித் திட்டம் போட்டிருந்தது. மாசம் கொஞ்சம் பணம், ஆளுக்கொரு மேஜை, மேலே ஒரு பேராசிரியர். முதல் வருஷம் தேறினால்தான் இரண்டாம் வருஷம். இரண்டாம் வருஷம் கிடைத்தால் முனைவர் படிப்புக்கு வழி பிறந்த மாதிரி.

வெர்லிண்டாவுக்கு அந்த இரண்டாம் வருஷம் உயிர். அவளுடைய சித்தி ஒருத்திக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு சித்தி டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் வண்டி ஏறிக்கொண்டிருந்தாள். இன்சுலின் சுரக்கும் செல்கள் ஏன் சோர்ந்து போகின்றன என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு நோயை வேற யாரோ படிச்சு எங்களுக்குச் சொல்றாங்கடி. அதை நாங்களே படிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

எங்கள் பேராசிரியர் ஹால்வர்சன் மினசோட்டாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர். கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார், ஆராய்ச்சிக் கட்டுரையில் எங்கள் பெயரையும் போடுவார். ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் எங்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவார் பாருங்கள், அப்போதுதான் எரிச்சலாக வரும். "நம்மள சந்தைக்குக் கொண்டுவந்த கன்னுக்குட்டி மாதிரி காட்டுறாருப்பா. பல்லை மட்டும் இன்னும் பிடிச்சுப் பாக்கல" என்பான் கிளிஃப்டன்.

அந்த வருஷம் மே மாதம் சூரிய கிரகணம் வந்தது. அன்று காலை ஹால்வர்சன் ஒரு போட்டோகிராபரோடு வந்து நின்றார். பயிற்சித் திட்டத்துக்கு ஒரு விளம்பரப் புத்தகம் போடுகிறார்களாம். மொட்டை மாடியில் நாங்கள் மூவரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிரகணத்தை அண்ணாந்து பார்ப்பது போல அட்டைப்படம். "பிரமாதமா இருக்கும். வெர்லிண்டா நடுவுல நிக்கட்டும்" என்றார்.

வெர்லிண்டாவைக் காணோம். தேடிப் போனேன். ஜன்னல் இல்லாத மைக்ராஸ்கோப் அறையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது, மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"நான் வரலடி. சூரியன் எங்களுக்கு அப்பா. அவர் செத்துப் பொழைக்கிற நேரம் இது. திங்காம, தண்ணி குடிக்காம, அவரைப் பாக்காம அடங்கி உக்காந்திருக்கணும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "இதைச் சொல்லணுமா? எங்க ஊர்ல பள்ளிக்கூடமே மூடிடுவாங்க. இங்கயும் லேபை மூடிடுவாங்கன்னுதான் நெனச்சேன். மூடலைன்னு தெரிஞ்சதும் விடியறதுக்கு முன்னாடியே வந்து வேலையெல்லாம் முடிச்சிட்டேன்."

அதற்குள் ஹால்வர்சனே இறங்கி வந்துவிட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? அறிவியல் படிக்கிற பொண்ணு, கிரகணத்துக்குப் பயந்து இருட்டுல ஒளிஞ்சுக்கிட்டு? ஒரு படத்துக்கு நிக்கக்கூட முடியாதா?"

வெர்லிண்டா தலையைத் தூக்கவில்லை. பெரியவர்களை நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது அவள் வீட்டில் மரியாதைக் குறைவு. அவருக்கோ அதுவும் திமிராகத் தெரிந்தது. வராண்டாவுக்கு வந்து, "அடுத்த வருஷ இடத்தை வேற யாருக்காவது குடுக்க வேண்டியதுதான். இந்த மனசோட ஆராய்ச்சி பண்ண முடியாது" என்றார்.

என் இடமும் அவர் கையில்தான் இருந்தது. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"சார், பனிக்காலத்துல உங்கப்பா தவறிட்டாரு. நீங்க ஒரு வாரம் லேபை மூடினீங்க. வளர்த்த செல்லெல்லாம் செத்துப்போச்சு. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு சர்ச்சுல உக்காந்தீங்களே, அதுக்கு அறிவியல்ல என்ன காரணம்னு நாங்க யாராவது கேட்டோமா? இவகூட கேக்கல. அந்தச் செல்லுல பாதி இவளோடது."

ஹால்வர்சன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது, பாவம். அப்புறம் மைக்ராஸ்கோப் அறைக் கதவை மெதுவாகத் தட்டினார்.

"நான் உள்ள உக்காரலாமா?"

"சத்தம் போடாம உக்காருங்க சார்" என்றாள் வெர்லிண்டா.

கிரகணம் விடும்வரை அவர் அந்த இருட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாடியில் காத்திருந்து சலித்துப்போன போட்டோகிராபர் கீழே வந்து, "என்ன சார், அட்டைப்படம் போச்சே! நவஹோ பொண்ணு இல்லாம எப்படி?" என்று புலம்பினார்.

அப்போது ஹால்வர்சன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "தப்பு என்னோடதுதான். இந்தப் பிள்ளைங்களுக்கு வாய்ப்புக் குடுக்கிறோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, நான் கூப்பிட்டது இவங்க முகத்தை மட்டுந்தான். முகம் வேணும், ஆனா அவங்க வீடு, நம்பிக்கை, துக்கம் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னா அதுக்குப் பேரு வாய்ப்பா? ஆளை முழுசாச் சேர்த்துக்கலைன்னா சேர்த்துக்கவே இல்லைன்னுதான் அர்த்தம். அடுத்த வருஷ இடம் உனக்குத்தாம்மா, வெர்லிண்டா."

போட்டோகிராபருக்கு இன்னும் ஆசை விடவில்லை. "கிரகணந்தான் விட்டுடுச்சேம்மா. இப்பவாவது ஒரு படம் எடுத்துக்கலாமா?"

வெர்லிண்டா வெளியே போய்க் குழாயில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஹால்வர்சனுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல என் செல்லைப் பாருங்க சார். ஒரு வருஷமா யாரும் பாக்கல. என் மூஞ்சியை அப்புறம் பாத்துக்கலாம்."