நாற்பதாவது படம்

கேட் சத்தம் கேட்டதும் ரஞ்சனி கையிலிருந்த ஸ்பூனை டம்ளரில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அறுபது வயதுக்கு மேல் அதை ஓட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டு வாரமாக அவள் அப்படித்தான் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வந்திருந்தது கூரியர் இல்லை, கேஸ் சிலிண்டர்.

திரும்பி வந்தபோது கட்டிலில் ஹரிஹரசுதன் கண் திறந்திருந்தார்.

"பார்சலா?"

"சிலிண்டருங்க."

"வரும், விடு," என்றார். அந்த இரண்டு சொல்லுக்கே மூச்சு வாங்கியது.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சிலிண்டர் வந்த அன்று காலை அவர் கால் சில்லிட்டிருந்தது. போர்வையை இழுத்துவிடும்போது தொட்டுப் பார்த்த ரஞ்சனிக்கு இனி நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்குதான் என்று தெரிந்துவிட்டது. அழவில்லை. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். மும்பை லேபிலிருந்து அந்தப் பெட்டி, அவர் கண் மூடுவதற்குள் வந்து சேரவேண்டும். அதில் இருந்தவை அவள் எடுத்த படங்கள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்திலிருந்து ஹரிஹரசுதனுக்கு இந்தக் கிறுக்கு. மார்கழி பிறந்தால் போதும், விடியுமுன் கிளம்பிப் பச்சைமலைக்குப் போவார். பனி மூடிய காட்டைப் படமெடுப்பார். அதுவும் ஸ்லைடு ஃபிலிமில்தான். அதற்கு நெகட்டிவ் கிடையாது, பிரிண்ட் கிடையாது, ஃபிலிமே படம். சட்டம் போட்ட சின்னத் துண்டுகளாக லேபிலிருந்து வரும். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் காடு உள்ளே நிற்கும். ஊரே செல்போனில் எடுக்கும் காலத்திலும் அவர் மாறவில்லை. அவருக்கு ஃபிலிம் வரவழைத்துக் கொடுப்பதும், எடுத்ததை லேபுக்கு அனுப்புவதும் தில்லை நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முஜிபுர் ரஹ்மான்தான்.

ரஞ்சனி ஒரு தடவைகூட உடன் போனதில்லை. "மனுசங்க தூங்கற நேரத்துல மரத்தைப் போய் எழுப்பறீங்க," என்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். இல்லாத நாளில் தூக்கம் இருக்கும். காட்டில் இரண்டுமே கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், அந்தத் தை மாதம் அவர் கேட்டார். "டீச்சர், எனக்காக ஒரு தடவை போயிட்டு வரியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எதையும் கேட்டு வாங்காத மனுஷன். அவள் எப்படி மாட்டேன் என்பாள்? ஃபிலிமை அவரே மாட்டினார். விரல்கள் நடுங்கின. நான் பண்றேன் என்று கை நீட்டியவளிடம், "நீ அல்ஜிப்ரா போடு, ஃபிலிம் நான் போடறேன்," என்றார். பனிக்கு வெளிச்சம் கூட்டி வைக்கவேண்டும் என்று எதையோ திருகி, அவள் கை பட்டு மாறிவிடாமலிருக்க அதன்மேல் பிளாஸ்திரியும் ஒட்டினார். "லிவரை இழு, அமுக்கு. மறுபடி இழு. இனிமே இழுக்க வரலைன்னு லிவர் இறுகி நின்னா, ஃபிலிம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

டிரைவர் பிச்சையின் காரில் திருவெள்ளறை, துறையூர் எல்லாம் இருட்டிலேயே கடந்து அவள் மலையேறினாள். மேலே பொழுது புலர்ந்தபோது முதலில் ஒன்றுமே தெரியவில்லை. ஏமாற்றிவிட்டாரே மனுஷன் என்றுதான் நினைத்தாள். பிறகு ஒரு மரம் வந்தது. மரம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் வந்தது என்றுதான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது. அதன் பின்னால் இன்னொன்று. பாத்திரத்தில் கொதி அடங்கி அரிசி தெரிவது போலக் காடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கை விறைக்க விறைக்க எடுத்தாள். வாயைத் திறந்தபடி நின்றது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. லிவர் இறுகவே இல்லை. வெயில் வந்து பனி கலைந்ததும் அவளாகத்தான் நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை வாங்கி, ஃபிலிமைச் சுருட்டும் குமிழை அவர் அரைச் சுற்றுச் சுற்றினார். கை அப்படியே நின்றது.

"எத்தனை எடுத்த?"

"நாப்பது. எண்ணிக்கிட்டேதான் எடுத்தேன்."

குமிழிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேமராவைத் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டு, "பெட்டி வர்றப்ப வரட்டும். நீ சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு," என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். காலையில் வாய் கொப்பளித்துத் துடைத்துவிட்டதும் "சொல்லு" என்பார். அவள் முதல் மரத்திலிருந்து ஆரம்பிப்பாள். பலாமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அதன் பின்னால் பனி வெள்ளையா சாம்பலா, நடுநடுவே கேள்வி கேட்பார். அவள் கண்ணை மூடி யோசித்துச் சொல்வாள். பேப்பர் திருத்துகிறவளையே திருத்துகிறாரே என்று அலுத்துக்கொள்வாள். கடைசிப் படம் காடே இல்லை. பனி போனபின், பிச்சை பானட்டில் சாய்ந்து நின்று விட்ட கொட்டாவி. அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு வயிற்று வலியையும் மீறிச் சிரிப்பு வரும். "ஆளே வரக்கூடாதுன்னு காத்துக் காத்து எடுப்பேன். நீ ஸ்லைடு ஃபிலிம்ல கொட்டாவி எடுத்துட்டு வந்திருக்க."

ஆனால் ரஞ்சனிக்கு உள்ளூரப் பயம் இருந்தது. நான் சொல்வது ஒன்று, பெட்டியில் வருவது வேறாக இருந்தால்? எல்லாம் கறுத்துப் போயிருந்தால்? ஆனாலும் வந்துவிடவேண்டும் என்றே வேண்டிக்கொண்டாள். கடைசியாக அவர் கண் பார்ப்பது அந்தக் காடாக இருக்கட்டும்.

சிலிண்டர்க்காரன் போன பிறகு அவர் கேட்டார். "சொல்லு."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் மரம் வந்தது. இரண்டாவது வந்தது. சிலந்தி வலையில் பனி கோத்திருந்ததைச் சொன்னபோது அவர் விரல் லேசாக அசைந்தது. பலாமரத்தை அவள் வேண்டுமென்றே மறுபக்கம் சாய்த்தாள். அவர் திருத்தவில்லை. ரஞ்சனி நிறுத்தவில்லை. அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல், கடைசிவரை சொன்னாள். பிச்சையின் கொட்டாவிக்கு எப்போதும் வரும் சிரிப்பு அன்று வரவில்லை.

அவர் கையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, எழுந்து போய் மைத்துனர் வீரமலைக்குப் போன் செய்தாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்தது. வாசலில் ஷாமியானா போட்டார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டி. வீரமலை ஊரிலிருந்து ஆட்களோடு வந்து ஓயாமரி சுடுகாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ரஞ்சனி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள்.

முஜிபுர் ரஹ்மான் மாலையோடு வந்தார். வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனவரை ரஞ்சனி கூப்பிட்டாள்.

"பாய், இன்னிக்காவது வந்துச்சா? ஒரு நாள் முன்ன வந்திருந்தா பாத்திருப்பாருங்க."

அவர் திரும்பி வந்தார். பிறகு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அக்கா, நான் இதை அனுப்பவே இல்லைக்கா."

திறந்து பார்த்தாள். சுருளின் வாயில் ஃபிலிமின் நுனி, கடையில் வாங்கியபடியே, நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ரோல்ல முப்பத்தாறு படம்தான். கூடிப்போனா ஒண்ணு ரெண்டு ஜாஸ்தி வரும். நாப்பது வராதுக்கா. ஃபிலிம், உள்ள இருக்கற சக்கரத்துப் பல்லுல மாட்டவே இல்ல. நீங்க இழுத்ததெல்லாம் வெறும் லிவர்தான். நீங்க சொன்ன உடனே அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்குச் சாயங்காலமே என்னை வரச்சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"மாட்டினது நான்தான், கை நடுங்கிருச்சு, தப்பு என்னுதுன்னாரு. இதைச் சொன்னா அவ போனதே வீண்னு நினைச்சுக்குவா, அப்புறம் எனக்குச் சொல்ல மாட்டான்னாரு. கேட்டா லேப்ல லேட்டுன்னு சொல்லிரு, நான் போனப்புறம் இதைக் குடுன்னாரு. ஃபிலிம் ஒண்ணும் கெடலக்கா. முழுசா இருக்கு." டப்பாவை விரலால் தொட்டுக் காட்டினார். "லிவரை இழுக்கறப்ப இடது பக்கக் குமிழ் சுத்துதான்னு பாக்கணும். அதை உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாராம். அதை மட்டும் மறக்காம சொல்லிருன்னாரு."

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழவு வீட்டில், புருஷன் தலைமாட்டில், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எண்ணி எண்ணியே மாட்டிக்கொண்டிருக்கிறாள். வீரமலையின் மனைவி பதறி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை ஓய நெடுநேரம் ஆனது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நன்றிதான் வந்தது. லேபிலிருந்து பெட்டி எதுவும் வராது என்று தெரிந்தே தினமும் சொல்லு, சொல்லு என்று கேட்டிருக்கிறார். பொழுதுபோக்குக்காகக் கேட்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள். அந்த வருஷம் அவருக்கு வாய்த்த காடு அது ஒன்றுதான். அதையும் அவளை நம்பி வாங்கிக்கொண்டிருக்கிறார். டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவரைத் தூக்கும்போது ஒரு கை அதன் மேலேயே இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய மறுவாரம், இருட்டு விலகாத நேரத்தில் ரஞ்சனி சாப்பாட்டு மேசையில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாசியில் மலையில் பனி இருக்குமோ இருக்காதோ. முஜிபுர் பாய் காட்டிக்கொடுத்தபடி நுனியை இழுத்துப் பல்லில் பொருத்தி, விரலால் தடவிப் பார்த்து மூடினாள். பிளாஸ்திரி ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அதை அவள் தொடவில்லை.

வாசலில் பிச்சை ஹாரன் அடித்தான்.

ரஞ்சனி லிவரை இழுத்தாள். இடது பக்கத்தில் குமிழ் மெல்லத் திரும்பியது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அமுக்கி, இழுத்தாள். மறுபடியும் திரும்பியது.

"சுத்துதுங்க," என்றாள், கட்டில் கிடந்த அறைப் பக்கம் பார்த்து. பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள்.