பதறாத சிஸ்டர்

...கத்த வேண்டுமாம், குழந்தையைத் தட்டிக் கூப்பிட்டு அசைவில்லையென்றால் அடுத்த வேலையே உதவிக்குக் கத்துவதுதானாம், இதைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஸ்ரேயா என்று ஒரு சின்ன டாக்டர், பெரிய காஞ்சிபுரத்து ஹாலில் முப்பது நர்ஸுகள் சுற்றி நிற்க, மேசைமேல் கிடக்கிற ரப்பர் குழந்தைக்கு முன்னால் வடிவாம்பாள், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. "சிஸ்டர், சத்தமா கூப்பிடுங்க, பக்கத்து ரூம்ல கேக்கணும்." மறுபடியும் காற்று. பின்னால் எவளோ, "அக்காக்கு பேட்டரி டவுன்பா" என்றதும் கொல்லென்று சிரிப்பு. பிள்ளையார்பாளையத்துக் குழாயடியில் இவள் குடத்தை ஒருத்தி நகர்த்திவிட்டால் மூன்று தெருவுக்குத் தறி நிற்குமே, அந்தத் தொண்டை எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு கழற்றிவிட்டுப் பழக்கம். உள்ளே ஏதாவது ஆனால் முதலில் கதவு, பிறகு ஒரு சிரிப்பு, பிறகு "ஒண்ணுமில்லமா, வெளிய உக்காரு"... கத்தினால் சொந்தக்காரர்கள் கூடுவார்கள், கண்ணாடி உடையும், "வடிவு இருந்தா வெளிய ஈக்குக்கூடத் தெரியாது" என்று ஆஸ்பத்திரி டாக்டர் நாலு பேர் முன்னால் சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தவள்தானே இவள். போன ஆடியில் எதிர்வீட்டுக் காவேரி சளி என்று தூக்கிவந்த ஆறு மாதப் பிள்ளைக்கு மூச்சு நின்று உதடு நீலம் பாய்ந்தபோதும் அதேதான், தாயை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, பிள்ளையைத் தனியே விட்டு, மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரைக் கூப்பிட நடந்து போனாள்... நடந்து. ஓடினால் பார்ப்பார்களே. ஒரு கத்து கத்தியிருந்தால் மாடிக்குக் கேட்டிருக்கும், இவள் கை அந்த நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்திருக்கும், பிழைத்திருக்குமா? பிழைக்காமலும் போயிருக்கலாம்... ஆனால் அத்தனை படிகளையும் நிதானமாக ஏறினாளே, டாக்டர் இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்ததே.

"சிஸ்டர்?" "யாராவது வாங்களேன்!" என்று இவளிடமிருந்து வந்த சத்தத்தில் ஸ்ரேயாவே ஒரு அடி பின்வாங்கினாள், பிறகு கைதட்டல், "சூப்பர், இவ்ளோ நேரம் எங்க வெச்சிருந்தீங்க?" ரப்பர் நெஞ்சை இரண்டு கட்டைவிரலால் அழுத்த அழுத்த வடிவாம்பாளுக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, பாஸாம், சர்டிபிகேட் வருமாம். டீ வேளையில் போன் அடித்தது, காவேரி. "அக்கா, எனக்கு மூணு மாசமாம், இன்னிக்கிதான் ஸ்கேன்ல சொன்னாங்கோ, இந்தக் கொழந்தைக்கும் நீங்கதான் பக்கத்துல இருக்கணும், அன்னிக்கி நீங்க ஒரு பதட்டம் காட்டலியே, எத்தினி பொறுமையா பாத்துக்கினீங்க, எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதான் இருக்கேன்." "காவேரி, அன்னிக்கி நான்..." "சொல்லுங்கக்கா." "...இருக்கேன்மா, இருக்கேன். இரும்பு மாத்திரைய வுட்டுடாத." போனை வைத்தாள். பயத்தில்தான் சொல்லாமல் விட்டோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள், வேலை போய்விடும், தெருவில் தலைகாட்ட முடியாது, அவளும் பிள்ளைத்தாய்ச்சி, இப்போது போய்ச் சொல்வதா... அதெல்லாம் சரி, "நீங்கதான்" என்று அவள் சொன்னபோது ஒரு நொடி, ஒரே நொடி, பெருமையாக இருந்ததே, அதை என்ன செய்வது?