வாய்க்காலில் கட்டிய வலைப்பை

“செத்ததையெல்லாம் என்ன செஞ்சீங்க?”

“வரப்போரம் வீசிட்டேன் பாப்பா. நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல. குளத்துல எறங்கி, அதே அளவு மட்டியா உயிரோட தடவி எடுத்து, உன் பையில போட்டுட்டேன். கொழம்புக்கு எடுக்கறத எவனாவது திருப்பி விடுவானான்னு எம்பொண்டாட்டி சிரிச்சா.”

துரைராசு அதை ஓர் உதவியாகத்தான் சொன்னார். கேட்ட ஜெனிட்டாவுக்கோ அது தன் ஆய்வே பொய்யாகிப்போன செய்தி.

அவள் மன்னார்குடிக் கல்லூரியில் ஆய்வு மாணவி. போன வருஷத் தாளடிப் பருவத்தின்போது, அரிசி ஆலையின் கழிவு வந்து விழும் இடத்துக்குக் கீழே, துரைராசுவின் வயல் மதகில், மட்டிச் சிப்பிகள் நிறைந்த வலைப்பையைக் கட்டினாள். மீன் என்றால் கெட்ட தண்ணீரைவிட்டு ஓடிவிடும். மட்டியால் ஓட முடியாது. வருகிற தண்ணீரையெல்லாம் உள்ளே வாங்கும், தாங்க முடியாதபோது வாய் பிளந்து சாகும். அந்தச் சாவைத்தான் அவள் எண்ணவேண்டியிருந்தது. உயிரோடிருப்பவற்றைச் சாகக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று சொல்லக் கூசியது. “பத்திரமா பாத்துக்கங்க அண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தவர் வாத்து தம் காவலில் செத்தால் வேறு வாத்து வாங்கிவிடுகிற மனிதர் அவர். மட்டிக்கும் அதையே செய்திருக்கிறார். ஓடுகளில் அடையாளம் வைக்க நினைத்தவள், இதை யார் எடுக்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது பையில் எல்லாமே உயிரோடு இருந்தன. அன்று அவளுக்கு எத்தனை சந்தோஷம்! தண்ணீரால் கெடுதல் இல்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அதை வைத்து ஆலைக்காரர் அனுமதி வாங்கி, ஆலையை இரண்டு மடங்காக்கினார்.

இந்தக் குறுவைக்கு விட்ட நாற்று வெந்துபோனதைக் காட்டத்தான் துரைராசு அவளைக் கூப்பிட்டிருந்தார். நாற்றங்கால் முழுக்க வைக்கோல் நிறம். ஆலையில் ஊறவைத்த நெல்லின் புளித்த வாடை வாய்க்காலோரம் தேங்கி நின்றது. பேச்சுவாக்கில்தான் மட்டிக் கதை வெளியே வந்தது.

அவர்மேல் கோபப்பட ஜெனிட்டாவுக்கு வழியில்லை. சாகத்தான் கட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தான் எழுதியது தவறு என்று நாளைக்கே அந்த அலுவலகத்தில் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னாள். துரைராசு வயலைப் பார்த்தபடி தலையாட்டினார். அந்த நிலம் ஆலைக்காரருடையது. துரைராசு அதைக் குத்தகைக்குத்தான் உழுகிறார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

“நான் மட்டும் சொன்னா நம்பமாட்டாங்க அண்ணே. மட்டி செத்ததப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். கூட வந்து சொல்றீங்களா?”