முன்வரிசை பெஞ்சு

எங்கள் ஊர் சர்ச்சுக்கு அறுநூறு வயது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. பழைய மரவேலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஆல்ட்ரிச் என்பவர் ஒரு புதன்கிழமை லண்டனிலிருந்து ரயிலில் வந்தார். முன்வரிசை ஓக் மர பெஞ்சின் பக்கத்தில் மண்டியிட்டு அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கடைசி வரிசையெல்லாம் தேஞ்சு தேஞ்சு மூணு தடவை மாத்தியிருக்கீங்க. இதுல மட்டும் எப்படிம்மா உளித்தடம்கூட அழியாம இருக்கு? யாராவது பிரபுவுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. அதுல யாரும் உக்காந்ததே இல்லை."

"அறுநூறு வருஷமாவா? ஏன்?"

"அது முன்னாடி இருக்கே."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நோட்டில் பென்சிலால் 'பிரபு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவர்களுக்குப் பதில் சின்னதாக இருந்தால் பிடிக்காது.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வந்து பாருங்க" என்றேன்.

வந்தார், ஐந்து நிமிடம் தாமதமாக. அன்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்பதால் கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் வரிசை வரை நல்ல கூட்டம். முதல் வரிசை மட்டும் காலி. பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு, "வாங்க, முன்னாடி நிறைய இடமிருக்கு" என்று கைகாட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"பரவாயில்லைங்க, எனக்கு நிக்கிறதுதான் வசதி" என்றார் ஆல்ட்ரிச்.

ஆராதனை முடியும்வரை ஒன்றேகால் மணி நேரம் கதவோரத் தூணில் சாய்ந்து நின்றார். போகும்போது என்னிடம் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.