திருடன் பிடிபடாத மதியம்

சோதனை மேசையில் சிவப்புச் சாயம் பூசிய சர்க்யூட் போர்டு ஒன்று உண்டு. வேண்டுமென்றே ஒரு பாகத்தின் கம்பிக் காலுக்கு ஈயம் வைக்காமல் விட்டது. அதன் பெயர் திருடன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சோதனை மெஷினுக்குள் வைப்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷினுக்குக் கண் தெரிகிறது என்று பொருள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அண்ணி திருடனைக் கையில் எடுத்ததும் சூப்பர்வைசர் பல்லைக் கடித்தான். அவனுடைய அண்ணன் மனைவிதான். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். நாலு மணிக்கு லாரி. சரக்கு ஏறாவிட்டால் மறுபடி லோடிங்குக்குப் போ என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். ஒன்பது வருஷம் பெட்டி சுமந்த தோள் அதைக் கேட்டதுமே வலித்தது.

"இன்னைக்கு ஒரு நாள் அவனை விடுங்க அண்ணி. பன்னெண்டு மணிக்குத்தான மாட்டினான்?"

"உங்க அண்ணனும்தான் நேத்துதான குளிச்சேன்னுவாரு. அதுக்காக விட்டுட முடியுமா?"

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அண்ணி திருடனை உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். பச்சை எரிந்தது.

சிரிப்பு நின்றது. மறுபடி வைத்தாள். மறுபடியும் பச்சை.

அண்ணி யாரையும் கேட்கவில்லை. சுவிட்சை அணைத்து, போர்டைத் தொட்டுப் பார்க்கும் ஊசிகள் நிற்கும் தட்டைக் கழற்றி லென்ஸில் பார்த்தாள். இரண்டு ஊசிகளுக்கு நடுவே பாதி எள் அளவு ஈயத் துணுக்கு. போர்டில் இணைப்பு இல்லாவிட்டாலும் மின்சாரம் அதன்வழியே ஓடியிருக்கிறது. எப்போது விழுந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். பன்னிரண்டுக்குப் பிறகு போனவை அறுநூற்று நாற்பது.

"அத்தனையும் திரும்ப வரணும் தம்பி."

"லாரி போயிடும். என் பொழப்பும் போயிடும். ஒண்ணு ரெண்டு கெட்டது இருந்தா குடியா முழுகிடும்?"

"ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துற மெஷினுக்குப் போறது இது. எந்த ஒண்ணுன்னு சொல்லு, அதை மட்டும் எடுத்துடறேன்."

அவள் அதற்குள் ஒட்டிய பெட்டிகளைக் கிழிக்கத் தொடங்கியிருந்தாள். வேலைக்கு வந்து எட்டு மாதம். இன்னும் நிரந்தரம்கூட இல்லை. ஆனாலும் அடுத்த பெட்டியை இழுத்தாள். இந்த நெஞ்சழுத்தம் எங்கே விளைகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றவன், மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், சரக்கு இன்னைக்கு ஏறாது. நிறுத்தினது நான்தான்."

வந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போர்டாக எடுத்துக் கொடுத்தான். நூறு. இருநூறு. எல்லாம் பச்சை. இத்தனை பாடும் வீண்தானோ?

நானூற்று முப்பத்தொன்றில் சிவப்பு எரிந்தது. அண்ணி லென்ஸை அவன் பக்கம் தள்ளினாள். ஓட்டைக்குள் கால் நிற்கிறது. ஈயம் அதைத் தொடவே இல்லை. கடைசிவரை பார்த்து முடித்தபோது அப்படி மூன்று.

ஐந்து மணிக்கு மேனேஜர் கொதித்துக்கொண்டு வந்தார். மூன்றையும் லென்ஸில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"காலைல வேற வண்டி வரும். நீயே ஏத்தி அனுப்பிட்டு உன் லைனுக்கே வந்துடு" என்றவர், திரும்பி, "உண்மையில யாருய்யா நிறுத்தினது?" என்றார்.

"எங்க அண்ணி சார்."